ஐந்து கிலோ மணல்

முதல் தடவை கயிற்றை இழுத்தபோது பந்து முன்னால் போகவில்லை, பின்னால் போனது. எங்கள் தலைக்கு மேலே எழும்பி, காலி மனையின் சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டு மாடியிலிருந்த தண்ணீர்த் தொட்டியில் டம்மென்று மோதி, அங்கிருந்து உருண்டு யார் வீட்டிலோ விழுந்தது. பக்கத்து வீட்டு அக்கா மாடிப்படிக்கு வந்து, "ஏ புள்ள, படிக்கிறோம்னு சொல்லிட்டு ரெண்டு பேரும் கல்லெறிஞ்சு வெளாடுறீகளா?" என்று கத்தினார். "கல்லு இல்லக்கா, பந்து" என்றேன். என் தோழி தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் உட்காரவில்லை. அடுத்த பந்தை எடுக்க வீட்டுக்குள் ஓடினேன்.

என்னால் உட்கார முடியாது. அதுதான் என் வியாதி. வகுப்பில் பெஞ்சு ஆடும் அளவுக்குக் காலை ஆட்டுவேன். தட்டச்சு வகுப்பில் சேர்ந்து இரண்டாவது மாதம் நின்றுவிட்டேன். மாதா கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு படிக்கிறேன் என்று போய் ஒரு கிறிஸ்துமஸைக்கூடத் தாண்டவில்லை. தையல் மூன்று வாரம். இந்தி பதினோரு நாள். அம்மா திட்டுவாள், பிறகு மறந்துவிடுவாள். அப்பா திட்டமாட்டார். "எதத் தொட்டாலும் பாதிதான் இவளுக்கு" என்று ஒரு வரி சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்வார். அந்த ஒரு வரி என்னைப் பிடுங்கித் தின்றது. அவர் திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கத்திவிட்டுப் போயிருப்பேன்.

அதனால்தான் பதினோராம் வகுப்பில் அந்த அறிவியல் போட்டி அறிவிப்பு வந்ததும் முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். புவியீர்ப்பில் இயங்கும் கவண்பொறி செய்ய வேண்டும். மோட்டார் கூடாது, ரப்பர் கூடாது, ஸ்பிரிங் கூடாது. மேலேயிருந்து விழுகிற எடை ஒன்றுதான் பந்தை எறிய வேண்டும். அந்த எடை ஐந்து கிலோவைத் தாண்டக்கூடாது. பன்னிரண்டு மீட்டர் தள்ளித் தரையில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டம் போட்டிருப்பார்கள். நடு வட்டத்தில் விழுந்தால் பத்து, அடுத்ததில் ஆறு, வெளி வட்டத்தில் மூன்று. மூன்று முறை எறியலாம். மாவட்டத்தில் முதல் இரண்டு அணி சென்னைக்குப் போகும்.

சென்னை எனக்குப் பெரிதில்லை. அப்பா வந்து பார்க்க வேண்டும். நான் ஒன்றைத் தொடங்கி முடிப்பதை அவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

ஒரு அணிக்கு இரண்டு பேர். இயற்பியல் மிஸ் என்னோடு சேர்த்துவிட்டது வகுப்பிலேயே மிக அமைதியான பெண்ணை. வேண்டுமென்றே செய்தார் என்று இன்றும் நினைக்கிறேன். வடமதுரைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அவர்கள் வீட்டில் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுவார்கள். அவளிடம் ஒரு நீளமான கணக்கு நோட்டு உண்டு. எதையும் எழுதிய பிறகுதான் செய்வாள். நான் செய்த பிறகு, ஏன் செய்தேன் என்று யோசிப்பேன்.

பொறி ஒன்றும் பெரிய விஷயமில்லை. சவுக்குக் கட்டையில் இரண்டு பக்கமும் கால்கள். நடுவில் குறுக்காக ஒரு பழைய சைக்கிளின் சக்கர அச்சு. அச்சில் ஒரு நீளக் கம்பு. கம்பின் குட்டை முனையில் மணல் பை தொங்கும். நீள முனையில் கயிறும், பந்து வைக்கத் துணித்தொட்டிலும். கயிற்றின் ஒரு நுனி கம்பு முனையிலிருக்கும் ஆணியில் சும்மா மாட்டியிருக்கும். கம்பைப் பிடித்திருக்கும் பூட்டைக் கயிறு கட்டி இழுத்தால் மணல் பை கீழே விழும், கம்பு மேலே பாயும், கயிறு சுழன்று ஆணியிலிருந்து நழுவும், பந்து பறக்கும். அந்த ஆணியின் வளைவில்தான் எல்லாமே. கொஞ்சம் நிமிர்ந்திருந்தால் பந்து சீக்கிரம் விடுபட்டு வானத்துக்குப் போகும், இல்லை பக்கத்து வீட்டுத் தொட்டிக்கு. கொஞ்சம் கூட வளைந்திருந்தால் எதிரே மண்ணில் குத்தும்.

மணல் பையை அப்பாதான் செய்து தந்தார். அப்பா திண்டுக்கல்லில் ஒரு வெங்காய மண்டியில் எடை போடுகிறவர். விவசாயிகள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். அப்பா ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றச்சொல்லி, நின்ற எடையைச் சத்தமாகச் சொல்வார், எழுதுகிறவர் எழுதிக்கொள்வார். மண்டிக்குள் நுழையும்போதே அப்பா குரல் கேட்கும். அது எனக்கு ரொம்பப் பெருமையாக இருக்கும். ஒரு நாள் மாலை நானும் தோழியும் மணலைத் தூக்கிக்கொண்டு அங்கே போனோம். அவளுக்கு ஆறு மணி பஸ். நான் வழக்கம்போலப் பறந்துகொண்டிருந்தேன். "சீக்கிரம்ப்பா, சீக்கிரம்." அப்பா கோணிச் சாக்கை வெட்டித் தைத்த பையில் மணலைக் கொட்டி, தராசில் வைத்து, கொஞ்சம் அள்ளிப் போட்டு, "அஞ்சு!" என்று மண்டிக் குரலில் சொன்னார். தோழி நோட்டில் 5.0 என்று எழுதினாள். அப்பா கோணி ஊசியால் வாயைத் தைத்துத் தந்தார். தராசின் எண்களை நாங்கள் இரண்டு பேரும் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் அப்பா ஒரு எடையைச் சொன்னால், அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை.

அடுத்த ஒரு மாதம் என்னைத் தூங்கவிடவில்லை. தினமும் பள்ளி விட்டதும் காலி மனை. அவள் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் கிடைப்பது ஒன்றரை மணி நேரம்தான். நான் எறிந்துகொண்டே இருக்க வேண்டும் என்பேன். அவள் ஒரு முறை எறிந்தால், அளந்து, எழுதி, போனில் மெதுவாக ஓடும் வீடியோவில் பந்து எந்த இடத்தில் கயிற்றைவிட்டுப் பிரிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது என்பாள். அந்த இடைவெளியில் நான் மனையைச் சுற்றிச் சுற்றி வருவேன். ஒரு நாள் பொறுக்காமல், அவள் எழுதிக்கொண்டிருக்கும்போதே இடுக்கியால் ஆணியை இரண்டு முறை வளைத்துவிட்டேன். எந்த அளவில் இருந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியாமல் போய், நான்கு நாள் வேலை வீணாயிற்று. அவள் கத்தவில்லை. இடுக்கியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "இனிமே இது எங்கிட்ட இருக்கட்டும்டி" என்றாள். அன்று முதல் அது அவளோடு வடமதுரை பஸ்ஸில் போய் வந்தது.

கடைசி வாரத்தில் பத்துக்கு ஏழு முறை பந்து நடு வட்டத்தில் விழுந்தது. அப்பாவிடம் போய் நின்றேன்.

"சனிக்கெழம போட்டிப்பா. வாரீகளா?"

"சனிக்கெழம மண்டிக்கு வரத்து ஜாஸ்தியா இருக்குமே தாயி."

"செத்த நேரம் வந்து பாத்துட்டுப் போயிருங்க. முடிச்சுட்டேன்ப்பா இதை. நெசமாவே முடிச்சுட்டேன்."

"சரி, வாரேன்" என்றார். அப்பா வேலைக்கு விடுப்பு போட்டு நான் பார்த்தது அதுதான் முதல் முறை. அம்மாவுக்கு டெங்கு வந்தபோதுகூட மதியத்துக்கு மேல்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

போட்டி சின்னாளபட்டிப் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்தது. மண்டியிலிருந்து காலியாகத் திரும்புகிற ஒரு லோடு வண்டியில் பொறியை ஏற்றிப் போனோம். நானும் தோழியும் பின்னால், அப்பா டிரைவர் பக்கத்தில். தோய்த்துத் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். முப்பது பள்ளிக்கூடங்கள் வந்திருக்கும். சிலர் இரும்பில் வெல்டிங் வைத்துப் பளபளவென்று செய்திருந்தார்கள். எங்கள் சவுக்குக் கட்டையைப் பார்த்து ஒருவன் சிரித்தான். எனக்குக் கை பரபரத்தது. தோழி என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

எறிவதற்கு முன் எடைச் சோதனை. மேசையில் ஒரு மின் தராசு, அதன் பின்னால் நடுவராக ஒரு பேராசிரியர். எங்கள் முறை வந்தது. பையைத் தூக்கி வைத்தேன். எண்கள் ஓடி நின்றன. 5.205.

பேராசிரியர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இருநூறு கிராம் கூட இருக்கேம்மா."

"இருக்காது சார். உங்க தராசு தப்பா இருக்கும்."

அவர் ஒரு கிலோ படிக்கல்லை எடுத்துத் தராசில் வைத்தார். சரியாக ஒரு கிலோ காட்டியது. "அம்பது கிராம் வரைக்கும்னா பரவால்ல. இருநூறுன்னா தெரிஞ்சு கூட்டுனதாத்தான் எடுத்துக்கணும். விதியில போட்டிய விட்டு நீக்கம்னுதான் இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் மோசமாக இருந்தது.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ஒரு மாதம். நான் முடித்த ஒரே காரியம். திரும்பிப் பார்த்தேன், கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் மற்ற பெற்றோர்களோடு அப்பா நின்றுகொண்டிருந்தார். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றெல்லாம் பார்க்கவில்லை. "அஞ்சுன்னுதானப்பா சொன்னீங்க? அஞ்சு கிலோவ ஒழுங்கா எடை போடத் தெரியாதா உங்களுக்கு? இருவது வருசமா என்னதான் பண்றீங்க அங்க?" என்று கத்தினேன்.

மைதானமே திரும்பிப் பார்த்தது. அப்பா கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராக நடுவரிடம் போனார்.

"சார், புள்ளைகளுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் போட்டேன். வெங்காய மண்டில எடை போடுறவன் சார் நான். அங்க அம்பத்திரெண்டு நின்னா அம்பதுன்னு சொல்லுவோம். கழிவு. அந்தப் பழக்கத்துல அஞ்சே இருநூறு நின்னதும் அஞ்சுன்னு வாயில வந்துருச்சு. வேணும்னு செய்யல சார். புள்ளைகள விட்டுருங்க."

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்னொரு ஆள், வெயிலில் கறுத்த ஒரு விவசாயி, அவரும் யாருக்கோ அப்பாவாக இருக்க வேண்டும், "இம்புட்டு வருசமா கேட்டும் ஒருத்தரும் ஒத்துக்கல. இன்னைக்குத்தான் மைக்கு வச்சுச் சொல்றாக" என்றார். அதற்கு நிறையப் பேர் சிரித்தார்கள். அப்பாவும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

என் தோழி மட்டும் சிரிக்கவில்லை. நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டாள். "அந்தக் கழிவு எதுக்குப்பா?"

"சாக்கு எடை, மண்ணு, அழுகல்... அதுக்குத்தான் தாயி. எல்லா எடத்துலயும் உள்ளதுதான்."

"இது மணலு. இதுல எது அழுகும்?"

அப்பா பையின் தையலைத் தடவினார். அவள் குத்தலாகக் கேட்கவில்லை. எதையும் எழுதி வைத்துக்கொள்கிறவள், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர்கள் வீட்டு வெங்காயமும் திண்டுக்கல்லில்தான் எடைக்கு ஏறுகிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருபத்தைந்து மூட்டைக்கு ஒரு மூட்டை காசில்லாமல் போகும். அந்தக் கணக்கு அவளுக்கு என்னைவிட வேகமாக வந்திருக்கும்.

நடுவர் விதித்தாளைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "சரி, கூடுதலை எடுத்துட்டு எறியட்டும். ஆனா பயிற்சி எறிதல் கெடையாது" என்றார். அப்பா மேசைக்கு முன் குனிந்து, தான் போட்ட தையலைத் தானே பிரித்தார். பைக்குள் கையை விட்டு ஒரு பிடி மணலை அள்ளினார். விரல் இடுக்கில் கொஞ்சத்தைத் திரும்பப் பைக்குள் உதிர்த்தார். தராசில் வைத்தார். 4.995.

ஒரே ஒரு பிடி. அவர் தராசைப் பார்க்கக்கூட இல்லை. நடுவர் "அடேயப்பா!" என்றார். எவ்வளவு கூடுதல் என்று அந்தக் கைக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது. அப்பா கையிலிருந்த மணலைக் கீழே போட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

முதல் எறிதல் ஒரு முழம் குட்டையாக விழுந்தது. வெளி வட்டம், மூன்று. ஒரு மாதக் கணக்கு எல்லாமே அந்த இருநூறு கிராமோடு சேர்த்துப் போட்டது, இனி நோட்டில் உள்ள ஒரு எண்ணும் உதவாது. இரண்டாவதுக்கு நான் பொறுக்கவில்லை. அவள் பைக்குள்ளிருந்து இடுக்கியைப் பிடுங்கி ஆணியை வளைத்தேன். பந்து நேராக முன்னால் மண்ணில் குத்தி, உருண்டு, வட்டத்துக்கே போகாமல் நின்றது. பூஜ்யம்.

மீதமிருந்தது ஒரு எறிதலும் ஒன்பது நிமிடமும். "உக்காரு" என்றாள் தோழி. அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் தரையில் உட்கார்ந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் ஆணியை முதல் அளவுக்கே திருப்பினாள், கோணமானியை வைத்துப் பார்த்தாள், பிறகு பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கயிற்றை எத்தனை சென்டிமீட்டர் நீளமாக்கினால் அந்த ஒரு முழம் திரும்பக் கிடைக்கும் என்று கணக்குப் போடத் தொடங்கினாள். பக்கத்துப் பொறிகள் எறிகிற சத்தமும் கைத்தட்டலும் கேட்டபடி இருந்தன. என் கால் ஆடியது. இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். எழுந்து ஓட வேண்டும், எதையாவது உடைக்க வேண்டும், அப்பாவிடம் போய் அழ வேண்டும் என்று எல்லாம் ஒன்றாக வந்தது. எதையும் செய்யாமல் ஏழு நிமிடம் அங்கேயே இருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கஷ்டமான வேலை அதுதான், இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவள் கயிற்றை அவிழ்த்து நீட்டிக் கட்டினாள். இரண்டு முறை அளந்தாள். "இழு" என்றாள்.

பந்து மேலே போய், ஒரு கணம் வெயிலில் காணாமல் போய், நடு வட்டத்தின் நடுவில் பொத்தென்று விழுந்தது. கொஞ்சம்கூட உருளவில்லை. தோழி என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் அவள் தோளுக்கு மேலாகக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். வெள்ளைச் சட்டைகள் நிறைய இருந்தன. அப்பா இல்லை.

மொத்தம் பதின்மூன்று. நாங்கள் ஐந்தாவது இடம். சென்னைக்கு வேறு யாரோ போனார்கள்.

அப்பா வாசலில், லோடு வண்டியின் நிழலில் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் வந்து பொறியின் ஒரு பக்கத்தைப் பிடித்து ஏற்றினார். தோழி ஏறிக்கொண்ட பிறகு, "கடைசில விழுந்துச்சா?" என்று கேட்டார்.

"நடுவுல விழுந்துச்சுப்பா."

"ம். கேட்டுச்சு, கைதட்டுனாக" என்றார். பிறகு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

வழியெல்லாம் நான் மன்னிப்புக் கேட்பதற்கு வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டே வந்தேன். நான் கத்தியதற்கா, அவர் அத்தனை பேர் முன்னால் எனக்காகத் தன் தொழிலை அவிழ்த்துக் காட்டியதற்கா, எதற்கென்று முதலில் சொல்வது என்று தெரியவில்லை. தோழி பேருந்து நிலையத்தில் இறங்கி, "போயிட்டு வாரேன்ப்பா" என்று அவரிடம் எப்போதும்போலச் சொன்னாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். வீடு வந்தது. நான் மணல் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ராத்திரி சாப்பிடும்போது அம்மா, "என்னாச்சு, இதுவும் பாதிதானா?" என்று கேட்டாள். "இல்ல. முடிச்சுட்டா" என்றார் அப்பா, தட்டைப் பார்த்தபடி. ஒரு மாதமாக நான் காத்திருந்த வார்த்தை. அது வந்தபோது எனக்கு அழுகையாக வந்தது, தண்ணீர் குடிக்கிற மாதிரி எழுந்து போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, அம்மா கொடுத்துவிட்ட சாப்பாட்டை எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போனேன். வாசலில் வரும்போதே குரல் கேட்டது. உள்ளே எரியோடு ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி தன் மூட்டைகளுக்குப் பக்கத்தில் துண்டால் முகத்தைத் துடைத்தபடி நின்றார். ஒரு மூட்டை தராசில் ஏறியது. அப்பா நிமிர்ந்தார், என்னைப் பார்த்தார். பிறகு சும்மா நகர்கிற மாதிரி அரை அடி நகர்ந்து, தராசின் எண்கள் எனக்குத் தெரியாதபடி முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "அம்பது" என்றார். முன்பெல்லாம் தெருவுக்கே கேட்கும் குரல். அன்று எழுதுகிறவர் "எம்புட்டு?" என்று திரும்பக் கேட்டார். அப்பா இன்னொரு முறை சொன்னார். நான் தூக்குவாளியை மேசைமேல் வைத்துவிட்டு, அவர் இருந்த பக்கம் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன்.